ஆச்சி போட்ட மார்க்!

உங்கள் வீட்டில் யாராவது புதிதாகக் காமிரா வாங்கியிருக்கிறார்களா? உங்களுக்கு என் ஆழ்ந்த அனுதாபங்கள்.

பூவைப் படம் எடுப்பவரால் பெரிய தொந்தரவு கிடையாது. கோயில் கோபுரம் எடுப்பவரும் பரவாயில்லை. பறவைகளைப் படம் எடுப்பவர் இருக்கிறாரே, அவர் தனி ரகம். விடியற்காலை நாலரை மணிக்கு அலாரம் வைத்து, வீட்டில் எல்லாரையும் எழுப்பிவிட்டு ஏரிக்கரைக்குப் போவார். ராத்திரி நீங்கள் சாப்பிட உட்காரும்போது முந்நூற்று நாற்பது கொக்குகளோடு பக்கத்தில் வந்து உட்காருவார். "எப்படி இருக்கு?" என்பார். ரசம் சாதத்துக்கும் மோர் சாதத்துக்கும் நடுவில் நீங்கள் அபிப்பிராயம் சொல்லியாக வேண்டும்.

எங்கள் குடும்பத்தில் அப்படி வாங்கியவன் என் மைத்துனன். மாதத் தவணையில் ஒரு காமிரா. அதைவிடப் பெரிய தவணையில் ஒரு லென்ஸ். அதைத் தோளில் மாட்டிக்கொண்டு அவன் தெருவில் நடந்தால், ஏதோ பீரங்கி வருகிறது என்று நாய்கள் ஒதுங்கி வழிவிடும்.

ஆரம்பத்தில் எல்லாரும் "சூப்பர்" என்றோம். மாமியார் கண்ணாடி போடாமலே சூப்பர் என்றார். மீன்கொத்தியும் சூப்பர், மீன்கொத்தி பறந்துபோன பிறகு மிச்சமிருந்த கிளையும் சூப்பர். மாமனார் வீட்டுக்காரர்களுக்குப் பூர்விகம் திருநெல்வேலி. அல்வா கொடுக்க யாராவது கற்றுத்தர வேண்டுமா என்ன?

அந்த அல்வாவோடு நான் நிறுத்தியிருக்கலாம். நாக்கு சும்மா இருந்தால்தானே!

போன வருஷம் ஒரு கிரகப்பிரவேசம். பந்தியில் உட்கார்ந்திருக்கும்போது மைத்துனன் செல்போனை நீட்டினான். கூழைக்கடா ஒன்று இறக்கையை முழுசாக விரித்துப் பறக்கிற படம். உடம்பு வெள்ளை வெளேரென்று, இறகு எது, வயிறு எது என்று தெரியவில்லை. நான் பார்த்தேன். பந்தியையும் ஒரு தரம் பார்த்துக்கொண்டேன்.

"ஏன் மாப்ளே, இது கூழைக்கடாவா? இல்லே, காத்துல பறக்கிற பாலிதீன் பையா?"

பந்தியே சிரித்தது. பாயசம் பரிமாறிக்கொண்டிருந்தவர் வாளியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். பத்திரிகைகளில் நகைச்சுவை எழுதிப் பிழைக்கிறவனுக்கு இதைவிட என்ன பாராட்டு வேண்டும்? இரண்டாவது தடவை பாயசம் வாங்கிக் குடித்தேன். மைத்துனனும் சிரித்தான். செல்போனைப் பையில் போட்டுக்கொண்டு சிரித்தான்.

அன்றோடு அந்தக் காமிரா பீரோவுக்குள் போய்விட்டது. எனக்கு இது தெரியவே தெரியாது. பதினோரு மாசம் கழித்து மாமியார் எதேச்சையாகச் சொன்னார்: "இவன் இப்பல்லாம் ஞாயித்துக்கெழமை பத்து மணி வரைக்கும் தூங்கறான். நல்லதுதான், உடம்புக்கு ரெஸ்ட்."

மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். கல்யாணமானவர்களுக்கு அந்தப் பார்வையை விளக்க வேண்டியதில்லை.

"நீங்க சொன்ன பாலிதீன் பைதான் காரணம்" என்றாள் வீட்டுக்கு வந்ததும். "தவணை மட்டும் மாசாமாசம் போயிட்டிருக்கு. நீங்க கெடுத்தீங்க, நீங்களே சரி பண்ணுங்க. எங்கேயாவது பறவை இருக்கிற ஊருக்குக் கூட்டிட்டுப் போங்க."

கூட்டிக்கொண்டு போவது சுலபம். மறுபடி அவன் படத்தை நீட்டினால் என்ன சொல்வது? சூப்பர் என்றால் நம்ப மாட்டான். வேறு ஏதாவது சொன்னால் காமிரா இந்தத் தடவை எடைக்குப் போய்விடும்.

பி.காம். படித்த காலத்தில் ஆடிட்டிங் என்று ஒரு பேப்பர் உண்டு. கணக்கைப் பார்க்கிற ஆடிட்டர், ரிப்போர்ட்டில் 'சூப்பர்' என்று எழுத மாட்டார். 'பாலிதீன் பை' என்றும் எழுத மாட்டார். இந்தச் செலவுக்கு வவுச்சர் இல்லை, இந்தப் பக்கத்தில் கூட்டல் தப்பு என்று இடம் குறித்து எழுதுவார். திருத்துகிறவனுக்கு எங்கே கை வைக்க வேண்டும் என்று தெரிந்துவிடும். போட்டோவுக்கும் அப்படி ஏதாவது இருக்காதா?

பறவைப் படம் எடுப்பதில் பழம் தின்று கொட்டை போட்ட நண்பர் ஒருவரிடம் போனேன். அவரிடம் அந்தக் கூழைக்கடாவையே காட்டினேன்.

"நல்ல படமாச்சே!" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "இறக்கை ரெண்டும் முழுசா மேலே இருக்கிற நேரம் பார்த்து அமுக்கியிருக்கான். கண்ணு தெரியுது. ஒரே ஒரு தப்பு. பின்னாடி இருட்டா மரம். காமிரா அதைப் பார்த்து, வெளிச்சம் பத்தலைன்னு நினைச்சுக் கூட்டிடுச்சு. வெள்ளைப் பறவை சுண்ணாம்பா ஆயிடுச்சு. வெளிச்சத்தை ஒரு படி குறைச்சு வெச்சா இறகுக்கு இறகு தெரியும்."

ஒரு வாக்கியம். 'ஒரு படி குறைச்சு வை மாப்ளே.' பந்தியில் அதைச் சொல்லியிருந்தால் அவன் அடுத்த ஞாயிற்றுக்கிழமையே ஏரிக்குப் போயிருப்பான். எனக்கு அது தெரியாது என்பது வேறு விஷயம். தெரியாதவன் வாயை மூடிக்கொண்டு பாயசம் குடித்திருக்கலாம் அல்லவா?

நண்பர் ஒரு மணி நேரம் பாடம் எடுத்தார். முதலில் கண்ணைப் பார். கண் துல்லியமாக இருந்தால் வால் கொஞ்சம் மங்கியிருந்தாலும் மன்னிக்கலாம். கண்ணில் ஒரு புள்ளி வெளிச்சம் இருந்தால் பறவைக்கு உயிர் வந்துவிடும். அப்புறம் வெளிச்சம், அப்புறம் பின்னணி, அப்புறம் எந்த உயரத்திலிருந்து எடுத்தது, அப்புறம் பறவை பார்க்கிற பக்கம் இடம் விட்டிருக்கிறதா. சொல்லும்போது நன்றாக இருப்பதை ஒன்று சொல்லு, சரியில்லாததை ஒன்று சொல்லு, அதை எப்படிச் சரி செய்வது என்பதையும் சொல்லு. அதற்கு மேல் ஒரே நாளில் யார் தலையிலும் ஏறாது.

எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொண்டேன். வாசல் வரை வந்தவர், "கடைசியா ஒண்ணு கேட்கணும். படம் எடுத்து முடிச்சப்புறம் பறவை என்ன பண்ணிச்சுன்னு கேளு" என்றார். அதையும் எழுதிக்கொண்டேன். இதென்ன கேள்வி, பறவை பறந்திருக்கும், வேறு என்ன பண்ணும் என்று நினைத்துக்கொண்டேன்.

ஊர் எது என்பதில் குழப்பமே இல்லை. பூர்விகம் திருநெல்வேலி என்று சொன்னேனல்லவா? அங்கேயிருந்து சுமார் 35 கிலோமீட்டரில் இருக்கிறது கூந்தன்குளம்.

மார்ச் முதல் வாரம். ராத்திரி ரயிலில் மைத்துனன் மேல் பெர்த்தில் காமிராப் பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு படுத்தான். பீரோவில் பதினோரு மாசம் இருந்ததால் காமிராவுக்கு அந்துருண்டை வாசனை. திருநெல்வேலியில் ஒரு நாள் சொந்தக்காரர்கள் வீடு, இட்லி, விசாரிப்பு. மறுநாள் விடியற்காலை ஐந்து மணிக்கு வாடகைக் காரில் கிளம்பினோம்.

மூலைக்கரைப்பட்டி தாண்டியதும் கண்ணாடியை இறக்கச் சொன்னான். கும்மிருட்டு. ஒரு வாசனை வந்தது. மீன் மார்க்கெட்டில் மழை பெய்தால் வருமே, அந்த வாசனை.

"வந்துட்டோம்" என்றான் மைத்துனன். குரலில் ஒரு துள்ளல். பல மாசமாக நான் கேட்காத துள்ளல்.

கூந்தன்குளத்தை நீங்கள் சரணாலயம் என்று நினைத்துக்கொண்டு போனால் ஏமாந்து போவீர்கள். காம்பவுண்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் பறவை, இந்தப் பக்கம் மனுஷன் என்கிற ஏற்பாடெல்லாம் இல்லை. குளம் இருக்கிறது, மணிமுத்தாறு அணையிலிருந்து கால்வாயில் தண்ணீர் வருகிறது. குளத்தை ஒட்டி ஊர். ஊருக்குள் வேப்ப மரம், கருவேல மரம். அந்த மரங்களில்தான் கூடு. வாசலில் அம்மி, அம்மிக்கு மேலே வேம்பு, வேம்பின் உச்சியில் நாரைக் குடும்பம். 1994-ல் சரணாலயமாக அறிவித்தார்கள். 2022-ல் ராம்சர் பட்டியலில் சேர்ந்ததாக அறிவிப்பு வந்தது. அதாவது, உலக அளவில் முக்கியமான நீர்நிலை. ஊர்க்காரர்கள் அறிவிப்புகளுக்காகக் காத்திருக்கவில்லை. அதற்கு எத்தனையோ தலைமுறை முன்பிருந்தே பறவைகள் இங்கே குடித்தனம் நடத்துகின்றன.

தீபாவளிக்கு இந்த ஊரில் பட்டாசு வெடிப்பதில்லை. கூட்டிலிருந்து தவறி விழுந்த குஞ்சை எடுத்து, மீன் கொடுத்து வளர்த்து, இறக்கை முளைத்ததும் விடுகிறார்கள். வரவு-செலவு பார்த்தால், செலவுக் கணக்கில் நாற்றம், எச்சம், தூக்கம் கெடுக்கிற சத்தம். வரவில் பறவை எச்சம் கலந்த குளத்து வண்டலும் தண்ணீரும், வயலுக்கு நல்ல எரு. பறவை வந்தால் ஊருக்கு நல்லது என்ற நம்பிக்கையும் உண்டு. அதை எந்தப் பத்தியில் எழுதுவது என்று எனக்குச் சொல்லித் தரவில்லை.

இறங்கி நாலு எட்டு வைப்பதற்குள் என் சட்டைத் தோளில் சொத்தென்று ஒன்று விழுந்தது. சைக்கிளில் போன பெரியவர், "நல்ல சகுனம், துடைக்காதிய" என்று சொல்லிவிட்டுப் போனார். துடைக்கவில்லை. சகுனத்தின் வாசனை சாயந்தரம் வரை கூடவே இருந்தது.

குளத்தங்கரைக்குப் போனோம். கிழக்கு வெளுத்தது. தூரத்தில் பூநாரைகள் ரோஸ் கலரில் ஒரு கோடாக நின்றன. கிட்டத்தில் வரித்தலை வாத்துகள். தலையின் பின்பக்கம் இரண்டு கருப்புக் கோடு, யாரோ ஸ்கேல் வைத்துப் போட்ட மாதிரி. மங்கோலியா, திபெத் பக்கத்திலிருந்து இமயமலையைத் தாண்டி இந்தியாவுக்குள் வருகிற பறவை இது. நான் சென்னையிலிருந்து ஏ.சி. கோச்சில் வந்ததற்கே இடுப்பு வலிக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

மைத்துனன் எடுக்க ஆரம்பித்தான். எடுத்ததை என்னிடம் காட்டவில்லை. காமிராவின் திரையை உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு தானே பார்த்தான். பரீட்சையில் பக்கத்துப் பையன் எட்டிப் பார்த்தால் மறைப்பானே, அந்த மாதிரி.

"காட்டேன் மாப்ளே."

"ஒண்ணும் சரியா வரலை அத்தான்."

"பரவாயில்லே, காட்டு."

தயங்கிக்கொண்டே காட்டினான். வாத்து. நோட்டை மனசில் புரட்டினேன். "கழுத்தைத் திருப்பற நேரம் பார்த்து எடுத்திருக்கே. ரெண்டு கோடும் பளிச்சுன்னு இருக்கு."

என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பாலிதீன் பைக்காகக் காத்திருந்தான் என்று தெரிந்தது. வெட்கமாக இருந்தது.

"ஆனா அது எந்தப் பக்கம் பார்க்குதோ அங்கே இடமே இல்லை. சுவத்துல மூக்கு முட்டின மாதிரி நிக்குது. அந்தப் பக்கம் கொஞ்சம் காலியா விட்டுப் பாரேன்."

ஒன்றும் சொல்லாமல் திரும்பிப் போய் எடுத்தான். வந்தான். இந்தத் தடவை கேட்காமலே காட்டினான். வாத்துக்கு முன்னால் தண்ணீர் விரிந்து கிடந்தது. இப்போது அது எங்கேயோ போகப் போகிற வாத்தாக இருந்தது.

"அடேயப்பா" என்றேன். இது அல்வா இல்லை என்று அவனுக்கே தெரிந்திருக்கும்.

அப்புறம் நோட்டில் உள்ளதை ஒவ்வொன்றாக எடுத்து விட்டேன். "மேலேயிருந்து பார்த்து எடுக்கறே. அதனால முதுகுதான் தெரியுது. அதோட கண் மட்டத்துக்கு வா." சேற்றில் குப்புறப் படுத்தான். அவன் அம்மா பார்த்திருந்தால் என்னைக் கொன்றிருப்பார். ஆனால் படம்! தண்ணீர் மட்டத்தில் பறவை நிமிர்ந்து நிற்க, எதிர்க்கரை தூரத்தில் மங்கிப் பச்சைத் திரையாகிவிட்டது.

கரண்டிவாயன் ஒன்று பறந்து வந்தது. எடுத்தான். இறக்கை நுனி கலங்கியிருந்தது. "ஸ்பீட் எவ்வளவு?" என்று பெரிய மனுஷன் மாதிரிக் கேட்டேன். 1/500 என்றான். 1/2000-க்குக் கொண்டுபோகச் சொன்னேன். வெள்ளைப் பறவையாச்சே என்று அவனாகவே வெளிச்சத்தை ஒரு படி குறைத்து வைத்தான். எனக்குத் தொண்டையில் ஏதோ அடைத்தது. அவனாகவே எங்கேயோ கற்றுக்கொண்டிருக்கிறான். காமிரா பீரோவில் இருந்த மாசங்களில் படித்திருப்பான்.

"காத்து நம்ம முதுகுப் பக்கம் இருக்கணும் அத்தான். பறவை காத்தை எதிர்த்துத்தான் இறங்கும். அப்பத்தான் முகம் நம்மைப் பார்த்து வரும்" என்று எனக்கே பாடம் எடுத்தான். இது என் நோட்டில் இல்லை. எழுதிக்கொண்டேன்.

ஒன்பதரை மணிக்கு வெயில் உறைக்க ஆரம்பித்தது. ஊருக்குள் வந்து ஒரு கடையில் டீ குடித்தோம். தலைக்கு மேலே மஞ்சள் மூக்கு நாரைகள். வளர்ந்த நாரைக்குக் குரல் அதிகம் கிடையாது. கூட்டில் அலகைத் தட்டித்தான் பேச்சு வார்த்தை. குஞ்சுகள்தான் ஊரைக் கூட்டும்.

"கூட்டுல குஞ்சோட ஒரு படம் கெடைச்சா போட்டிக்கு அனுப்பலாம் அத்தான்" என்றான். போட்டி என்ற வார்த்தையை அவன் வாயிலிருந்து கேட்டதில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

"எடு மாப்ளே. ஆனா கீழேயிருந்து எடுக்காதே. வயிறுதான் தெரியும். கண் மட்டம்! கண் மட்டத்துக்குப் போ."

நான்தான் சொன்னேன். ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு வேப்ப மரத்தை ஒட்டிப் பாதி கட்டிய மாடி ஒன்று இருந்தது. கேட்பார் இல்லை. கைப்பிடி இல்லாத படியில் ஏறினான். நான் கீழே நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் தலை மாடிச் சுவருக்கு மேலே தெரிந்தது. தலையைத் தொடர்ந்து பீரங்கி. கூட்டுக்கும் அவனுக்கும் நடுவில் ஒரு தெரு அகலம்கூட இல்லை.

நாரை எழுந்து நின்றது. கழுத்தை நீட்டியது. இறக்கையை விரித்தது. காமிரா படபடவென்று அடித்தது. அடுத்த நிமிஷம் நாரை பறந்துவிட்டது. கூட்டில் மூன்று குஞ்சுகள். வெள்ளைப் பஞ்சு மாதிரி. நேர் வெயில்.

"ஏ தம்பி! மாடில நிக்கது யாரு? மொதல்ல கீழ எறங்குங்க!"

பக்கத்து வீட்டிலிருந்து ஒரு ஆச்சி வந்தார். எழுபது வயசு இருக்கும். கையில் பாதி உரித்த வெங்காயம். மைத்துனன் தடதடவென்று இறங்கி வந்தான். திட்டப் போகிறார் என்று நாங்கள் இரண்டு பேரும் தலையைக் குனிந்துகொண்டோம். ஆச்சி எங்களைப் பார்க்கவே இல்லை. மரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

ஒரு காக்கா வந்து கூட்டுக்கு மேல் கிளையில் உட்கார்ந்தது. தலையைச் சாய்த்துப் பார்த்தது. ஆச்சி ஒரு மண்ணாங்கட்டியை எடுத்து வீசினார். காக்கா பறந்து அடுத்த கிளைக்குப் போனது. அவ்வளவுதான். அதற்கு நேரம் இருந்தது. குஞ்சுகள் வாயைத் திறந்து மூச்சு வாங்கின.

"வெயிலு தாங்காது அதுகளுக்கு" என்றார் ஆச்சி. "தாய் நெழலு குடுத்தாத்தான் உண்டு."

பத்து நிமிஷம் இருக்கும். என் வாழ்க்கையில் பேங்க் கியூவில் நின்றிருக்கிறேன், ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருக்கிறேன். இந்தப் பத்து நிமிஷம் அதையெல்லாம்விட நீளம். மைத்துனன் மடியில் காமிராவை வைத்துக்கொண்டு தெருவில் அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

நாரை வந்தது. மரத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுக் கூட்டில் இறங்கியது. காக்கா கிளம்பிப் போனது. ஆச்சி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டார்.

"சரி, என்னமோ எடுத்தியளே, காட்டுங்க பாப்போம்."

மைத்துனன் நடுங்கிக்கொண்டே காட்டினான். உண்மையைச் சொல்கிறேன், பிரமாதமான படம். இறக்கை இரண்டும் விரிந்து, கண் ஊசி முனை மாதிரித் துல்லியமாக, பின்னால் வெறும் வானம். என் நோட்டில் இருந்த எல்லாவற்றுக்கும் டிக் போடலாம்.

ஆச்சி நிதானமாகப் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு தம்பி. ரெக்கையில அந்த ரோஸு கூட அப்படியே விழுந்திருக்கு. கண்ணு என்னமா முழிக்கு!" என்றார். பிறகு திரையைப் பட்டும் படாமலும் விரலால் தொட்டார். "ஆனா கழுத்தைப் பாத்தியளா, கம்பு கணக்கா நீட்டிட்டு நிக்கு. பயந்து போயி நிக்கு. குஞ்சுக்கு நெழலு குடுக்கும்போது இப்படியா நிக்கும்? முதுகை வெயிலுக்குக் காட்டிட்டு, ரெக்கையத் தளர்த்தி விட்டுட்டு, தலையத் தொங்கப் போட்டு நிக்கும். வருசா வருசம் பாக்கேன்லா."

"எங்கே நின்னு எடுக்கணும் ஆச்சி?" மைத்துனனுக்குக் குரலே வரவில்லை.

"எங்க வீட்டுத் திண்ணையில உக்காருங்க. அங்கன மனுசன் இருந்தா அதுக்கு ஒண்ணும் இல்ல, தெனமும் பாக்குல்லா. உசரத்துல தலை தெரிஞ்சாத்தான் அதுக்குக் கலக்கம்."

நான் நோட்டை எடுக்கவே இல்லை. நன்றாக இருப்பதை ஒன்று சொன்னார். தப்பை ஒன்று சொன்னார். எங்கே உட்கார வேண்டும் என்றும் சொன்னார். நண்பர் ஒரு மணி நேரம் எடுத்த பாடத்தை ஆச்சி வெங்காயம் உரிக்கிற நேரத்தில் நடத்திக் காட்டிவிட்டார். அதோடு என்னிடம் இல்லாத ஒன்று அவரிடம் இருந்தது. அவருக்குப் பறவையைத் தெரியும். எனக்குப் படம் மட்டும்தான் தெரியும், அதுவும் இரவல். 'கண் மட்டம்' குளத்தங்கரையில் சரியான யோசனை. கூட்டுக்குப் பக்கத்தில் அதே யோசனை மூன்று உயிருக்கு உலை வைக்கப் பார்த்தது.

படம் எடுத்தப்புறம் பறவை என்ன பண்ணிச்சு? நண்பர் வாசலில் நின்று கேட்கச் சொன்ன கேள்வி அப்போதுதான் ஞாபகம் வந்தது.

திண்ணையில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். ஆச்சி மோர் கொடுத்தார். நாரை எங்களைச் சட்டை பண்ணவே இல்லை. வெயில் ஏற ஏற, அது எழுந்து, முதுகைச் சூரியனுக்குக் காட்டி, இறக்கையைத் தளர விட்டது. குடையே பறவையாகி நின்ற மாதிரி இருந்தது. நிழலுக்குள் மூன்று குஞ்சுகளும் அடங்கின. மைத்துனன் நாலே நாலு தடவை அமுக்கினான். காமிராவைக் கீழே வைத்துவிட்டுச் சும்மா பார்த்துக்கொண்டிருந்தான்.

காட்டினான். "அமைதியா இருக்கு மாப்ளே. நிழல் கூடத் தெரியுது" என்றேன். "ஒரு குஞ்சு மேலே மட்டும் கிளை குறுக்கே போகுது."

"தெரியும் அத்தான். கிளையை ஒடிச்சா நல்லா தெரியும். காக்காவுக்கும் நல்லா தெரியும்."

என் விமர்சனத்துக்கு வந்த முதல் பதில் அதுதான். நான் வாபஸ் வாங்கிக்கொண்டேன்.

ஆச்சியிடம் காட்டினோம். "ஆமா, இதுதான் எங்க வீட்டு நாரை" என்றார். மார்க் அவ்வளவுதான்.

திரும்பி வரும் ரயிலில் மைத்துனன் இரண்டு படங்களையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தான். மாடிப் படம், திண்ணைப் படம்.

"எதை அனுப்பறது?" என்றான்.

வந்தது வினை. கூட்டுப் படமே வேண்டாம் என்று விதி வைத்திருக்கிற போட்டிகளும் உண்டு, முதலில் அதைப் பார்க்க வேண்டும் என்றேன். அதோடு தப்பித்துக்கொள்ளலாம்தான். ஆனால் அவன் கேட்டது அதை இல்லை.

"மாடிப் படம் பளிச்சுன்னு இருக்கு மாப்ளே. ஜட்ஜுக்குப் பிடிச்சாலும் பிடிக்கும். ஆனா அதுல தெரியறது நாரை இல்லை, நாம. நம்மளைப் பார்த்து அது மிரண்ட மிரட்சி. அதுக்கு நான்தான் காரணம். கண் மட்டம்னு சொன்னவன் நான். அதை அனுப்ப வேண்டாம்னுதான் சொல்லுவேன்."

கொஞ்ச நேரம் பேசவில்லை. "அனுப்பலை" என்றான். "ஆனா அழிக்கவும் மாட்டேன் அத்தான். எங்கே நிக்கக் கூடாதுன்னு ஞாபகம் இருக்கணும்."

அந்தச் சமயத்தில்தான் எனக்குச் சொல்ல வாய் வந்தது. "மாப்ளே, அந்தப் பாலிதீன் பை... நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது."

"சொன்னது தப்பில்லை அத்தான். பார்க்க அப்படித்தான் இருந்தது. ஒரு படி குறைச்சு வைன்னு நானே படிச்சுத் தெரிஞ்சுக்க மூணு வாரம் ஆச்சு. தெரிஞ்சப்புறமும் காமிராவை எடுக்கக் கை வரலை." ஜன்னலுக்கு வெளியே பார்த்தான். "எல்லாரும் சிரிச்சதுதான்."

எனக்குப் பதில் இல்லை. வாங்கி வந்த அல்வாப் பொட்டலத்தைப் பிரித்து நீட்டினேன். நிஜ அல்வா. எடுத்துக்கொண்டான்.

திண்ணைப் படத்தைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டு, கண்ணாடிச் சட்டத்தோடு ஆச்சி வீட்டுக்கு அனுப்பி வைத்தான். பத்து நாளில் அவர் பேரன் போன் பண்ணினான். ஆச்சி ஏதோ சொல்ல வேண்டுமாம். ஸ்பீக்கரில் போட்டோம். வீட்டில் எல்லாரும் சுற்றி நின்றோம்.

"தம்பி, படம் வந்திச்சு. நல்லாருக்கு. நடுவீட்டுல மாட்டியிருக்கோம். ஆனா பொழுது உச்சியில இருக்கும்போது எடுத்ததால குஞ்சுக மொகம் இருட்டடிச்சுக் கெடக்கு. அடுத்த வருசம் சாயந்தரமா வாங்க. வெயிலு சாஞ்சு திண்ணப் பக்கத்துல இருந்து மரத்துக்குள்ள அடிக்கும், மொகம் தெரியும். மோரு வச்சிருப்பேன்."

மைத்துனன் காலண்டரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.